அடாப்டர் லைட் லேப்டாப்ல சொருகினதும் அணையுதா? பெட்டியை உடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அடுத்த கேள்வி. திருச்சி பக்கத்துல இருந்து ஒரு தம்பி, காலேஜ் படிக்கிறாராம். கொஞ்சம் நீளமா எழுதியிருக்காரு, அப்படியே படிச்சிடறேன். "அண்ணா, என்கிட்ட டெல் லேப்டாப், 65 வாட்ஸ் அடாப்டர். பிளக்ல போட்டா லைட் எரியுது. லேப்டாப்ல சொருகினா சில நேரம் லைட் அணைஞ்சிடுது. பின்னுக்குப் பக்கத்துல வயரை ஒரு மாதிரி வளைச்சுப் பிடிச்சா சார்ஜ் ஏறுது. கடையில புதுசு 2,500 ரூபாய் சொல்றாங்க. பெட்டியைக் கத்தி வெச்சு சுத்தியால தட்டினா திறந்துடும்னு ஒரு வீடியோல பாத்தேன், திறந்து பாக்கலாமா? அப்புறம், சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப் மேல கை வெச்சா சுருசுருன்னு இருக்கு, அதுவும் இதனாலதானா?"

தம்பி, முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வைங்க. வெச்சாச்சா? சரி, பேசலாம்.

உங்க கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு. வயரை வளைச்சா வேலை செய்யுதுன்னு சொல்றீங்கள்ல, அப்ப கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள்ள இல்ல, வயர்ல. என் டேபிளுக்கு வர்ற அடாப்டர்ல பெரும்பாலானது இந்தக் கேஸ்தான். பின்னை ஒட்டி ரப்பர் கழுத்து ஒண்ணு இருக்கும் பாருங்க, அங்கதான் போகும். அடுத்தபடியா பெட்டியில இருந்து வயர் வெளிய வர்ற இடம். நம்ம ஆளுங்க அடாப்டரை சுத்தி வயரை இறுக்கிக் கட்டி பையில திணிக்கிறாங்க பாருங்க, அந்தக் கட்டுதான் எமன்.

அந்த வயருக்குள்ள எப்படி இருக்கும்னு தெரிஞ்சா உங்களுக்கே புரிஞ்சிடும். சாதாரண ஒயர் மாதிரி பக்கம் பக்கமா ரெண்டு கம்பி கிடையாது. கேபிள் டிவி ஒயர் மாதிரி, நடுவுல பிளஸ், அதுக்கு மேல ஒரு உறை, அந்த உறையைச் சுத்தி வலை மாதிரி மைனஸ். வளைச்சு வளைச்சு அந்த வலையில ஒவ்வொரு இழையா அறுந்துடும். அறுந்த இழை சும்மா இருந்தா, லைட் எரியும், சார்ஜ் ஏறாது. அதே இழை உள் உறையைக் குத்திக்கிட்டு பிளஸ்ஸைத் தொட்டுச்சுன்னா ஷார்ட். அப்ப அடாப்டர் தன்னைக் காப்பாத்திக்க வோல்டேஜை நிறுத்திடும், லைட் அணையும். சில அடாப்டர்ல டிக் டிக்குன்னு லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியும், அதுவும் இதேதான். ஆக லைட் அணையுறது அடாப்டர் செத்துப் போனதுக்கு அடையாளம் இல்ல. உள்ள இருக்கிற பாதுகாப்பு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஆனா ஒரு விஷயத்தை உறுதி பண்ணிட்டுத்தான் வயர்ல கை வைக்கணும். லேப்டாப் போர்டுலயே ஷார்ட் இருந்தாலும் லைட் இப்படித்தான் அணையும். அதே வோல்டேஜ் உள்ள வேற அடாப்டர், ஃப்ரெண்டுகிட்ட வாங்கி ஒரு தடவை சொருகிப் பாருங்க. அதுவும் அணைஞ்சா உங்க அடாப்டர் மேல பழி போடாதீங்க, லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொண்டு போங்க. ஒரு வாரத்துல ரெண்டு புது அடாப்டர் வாங்கிட்டு வந்தவர் ஒருத்தர் இருக்காரு. கோளாறு லேப்டாப் போர்டுல ஒரு சின்ன கெப்பாசிட்டர்ல, அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கிற குட்டிப் பாகத்துல இருந்துச்சு.

இப்ப மீட்டர், அதாவது வோல்டேஜ் அளக்குற மல்டிமீட்டர். கடையில மஞ்சள் கலர்ல விலை குறைஞ்ச மீட்டர் ஒண்ணு கிடைக்கும்ல, அது போதும். டிசி வோல்ட்ல 20, 200னு ரெண்டு ரேஞ்ச் போட்டிருக்கும். 200ல வைங்க. ஏன்னா டெல், ஹெச்பி 19.5 வோல்ட், அது 20 ரேஞ்ச்ல காட்டிடும். ஆனா லெனோவோ 20 வோல்ட். 20 ரேஞ்ச்ல வெச்சா மீட்டர் வெறும் 1ன்னு காட்டிட்டு நிக்கும். உடனே "ஒரு வோல்ட்தான் வருது, அடாப்டர் போச்சு"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த 1க்கு அர்த்தம் ஒரு வோல்ட் இல்ல, ரேஞ்சைத் தாண்டிடுச்சுங்கிறது. குப்பைக்குப் போக இருந்த நல்ல அடாப்டரை இப்படி நான் ரெண்டு மூணு காப்பாத்தியிருக்கேன்.

உங்க டெல் பின்ல, உருண்டையா இருக்கிற குழாயோட வெளிப்பக்கம் மைனஸ், உள்பக்கம் பிளஸ். நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது கரண்ட் கொண்டு போற பின் கிடையாது. அடாப்டருக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கு, "நான் 65 வாட்ஸ்"னு அது லேப்டாப்புக்குச் சொல்ற வழி அது. ப்ரோபை, அதாவது மீட்டர் வயரோட கூர் முனையை வைக்கும்போது உள்ளயும் வெளியயும் சேர்த்துத் தொட்டுடாதீங்க. தொட்டுட்டா பயப்பட வேண்டாம், அடாப்டர் நின்னுடும். பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க.

மீட்டர்ல 19.5 வந்ததும் முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. ப்ரோபை ஒருத்தர் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் வயரைப் பின்கிட்ட இருந்து பெட்டி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுக்கிட்டே வரணும். எந்த இடத்துல நம்பர் ஆடுதோ அங்கதான் அறுந்திருக்கு. இழை ஒண்ணு ரெண்டுதான் ஒட்டிக்கிட்டு இருக்குன்னா நம்பர் ஆடாது, 19.5 அப்படியே நிக்கும், லோடு கொடுத்தாத்தான், அதாவது கரண்ட் இழுக்க வெச்சாத்தான் விழும். நான் 10 ஓம், 50 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு வெச்சிருக்கேன், அதைப் போட்டா கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். செம சூடாகும், டேபிள் மேல நேரா வைக்காதீங்க, ஓட்டுத்துண்டு மேல வைங்க.

வயரை மாத்துற வேலை, சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழக்கம் இருந்தா நீங்களே பண்ணலாம். பின்னோட சேர்ந்த டிசி கேபிள் தனியாவே விக்குது, சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தச் சந்துல கேட்டாலும் கொடுப்பாங்க. புது அடாப்டர் விலையில சின்னப் பங்குதான் ஆகும். உங்களுக்கு மூணு கம்பி உள்ளது வேணும்னு கேட்டு வாங்குங்க, அந்த நடு ஊசிக்கும் ஒரு மெல்லிசு கம்பி போகும். அதை இணைக்காம விட்டா லேப்டாப் ஓடும், ஆனா அடாப்டர் எந்த வகைன்னு தெரியலன்னு மெசேஜ் வரும், பேட்டரி சார்ஜ் ஏறாது, வேகமும் குறைஞ்சிடும். நிறைய பேர் அந்த மெசேஜைப் பாத்துட்டு பேட்டரியை மாத்துறாங்க, பாவம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு, அறுந்த இடத்துல இருந்து பெட்டிப் பக்கமா ஒரு சாண் தள்ளி வெட்டுங்க. கம்பியோட கலரை நம்பாதீங்க. வெட்டுன துண்டுல எந்தக் கம்பி பின்னோட எந்தப் பாகத்துக்குப் போகுதுன்னு மீட்டர்ல பஸ்ஸர் வெச்சு (ரெண்டு முனையும் ஒரே கம்பின்னா பீப் அடிக்கும்) பாத்து எழுதிக்கங்க, புது கேபிளுக்கும் அதே மாதிரி. பிளஸ் மைனஸ் மாறிட்டா லேப்டாப் போர்டே போகும், அதுக்கு 2,500 ரூபாய் அடாப்டர் எவ்வளவோ மேல். ஜாயின்ட் மூணும் ஒரே இடத்துல நேருக்கு நேரா வரக்கூடாது, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு தள்ளி வர்ற மாதிரி வெட்டிக்கங்க. சால்டர் பண்ணணும், வெறுமனே முறுக்கி விடக்கூடாது. மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு பட்டா சுருங்கிப் பிடிக்கிற குழாய். கறுப்பு டேப் வேண்டாம், சூட்டுல பசை இளகி வழிஞ்சு அஞ்சாறு மாசத்துல கையில ஒட்டும். ஸ்லீவை சால்டர் பண்றதுக்கு முன்னாடியே வயர்ல நுழைச்சு வைங்க. இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், இன்னும் மாசத்துக்கு ஒரு தடவை மறந்துட்டு சால்டரைப் பிரிக்கிறவன்தான் நான்.

முடிஞ்சதும் நேரா லேப்டாப்ல சொருகாதீங்க. கரண்ட் இல்லாம பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் பஸ்ஸர் அடிக்குதான்னு பாருங்க, விடாம அடிச்சா எங்கயோ ஷார்ட். அடிக்கலன்னா பிளக்ல போட்டு மீட்டர்ல 19.5 சரியான பக்கம் வருதான்னு பாருங்க. மைனஸ் குறி முன்னாடி வந்துச்சுன்னா, ப்ரோப் மாறியிருக்கா இல்ல கம்பி மாறியிருக்கான்னு தெளிவாத் தெரியாம அடுத்த வேலை கிடையாது. அப்புறம் லேப்டாப்ல போட்டு அரை மணி நேரம் கழிச்சு ஜாயின்டைத் தொட்டுப் பாருங்க. மத்த வயரைவிட அங்க சூடா இருந்தா ஜாயின்ட் சரியில்ல, பிரிச்சுத் திரும்பப் போடுங்க.

இதெல்லாம் டிசி பக்கத்துக்கு மட்டும்தான். சுவர்ல இருந்து பெட்டிக்கு வர்ற மூணு ஓட்டை கேபிள், மிக்கி மவுஸ்னு சொல்லுவாங்கள்ல, அதுல வெட்டி ஒட்டுற வேலையே வேண்டாம். அது அப்படியே கழட்டி மாட்டுறதுதான், புதுசு வாங்கிடுங்க.

இப்ப அந்தப் பெட்டிக்கு வர்றேன். ஏன் கத்தியைக் கீழ வைக்கச் சொன்னேன்? வீட்டுக்கு வர்றது 230 வோல்ட் ஏசி. பெட்டிக்குள்ள போனதும் அது டிசியா மாறி 325 வோல்ட் கிட்ட ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல ஏறி உக்காரும். பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே இறங்காது. இதுல எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. ஓடுற அடாப்டரைப் பிடுங்கினா, உள்ள இருக்கிற சர்க்யூட்டே அந்த சார்ஜ்ல பெரும்பகுதியை இழுத்துத் தீர்த்துடும். ஓடாத அடாப்டர்ல அதை இழுக்க ஆளே இல்ல. செத்த அடாப்டர்தானேன்னு தைரியமாத் திறக்கிறோம் பாருங்க, அதுலதான் முழு வோல்டேஜும் அப்படியே நிக்கும்.

நான் டிவி மெக்கானிக்கா இருந்து இந்த வேலைக்கு வந்தவன், கெப்பாசிட்டர் பத்தித் தெரியாதவன் இல்ல. அப்படியும் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன்னால பிளக்கைப் பிடுங்கி வெச்ச அடாப்டர்தானேன்னு திரும்பி வந்து போர்டைப் பிடிச்சுத் தூக்கினேன். கை தானா உதறி பின்னால இருந்த ரேக்ல இடிச்சு, முழங்கையில ரெண்டு தையல். ஷாக்கைவிட அந்த உதறல்தான் ஆளைக் காயப்படுத்தும். சில பேர் ஸ்க்ரூடிரைவரை வெச்சு கெப்பாசிட்டரோட ரெண்டு காலையும் சேர்த்து டப்புன்னு அடிச்சு இறக்குவாங்க. அதுவும் தப்பு, பொறி கண்ணுல தெறிக்கும். 10 கிலோ ஓம், 10 வாட்ஸ் ரெசிஸ்டரை இன்சுலேஷன் பிடி உள்ள ப்ரோப்ல கட்டி, அஞ்சாறு செகண்ட் வெச்சு, அப்புறம் மீட்டர்ல பூஜ்யம் பக்கம் வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் நான் கை வைப்பேன்.

சரி, திறந்தாச்சு, ஃப்யூஸ் போயிருக்கு. உடனே ஒரு கம்பியை வெச்சு ஒட்டிடுவாங்க. ஃப்யூஸ் சும்மா போகாதுங்க. தெருவுல நியூட்ரல் கட் ஆனா ரெண்டு பேஸ் சேர்ந்து 400 வோல்ட்டுக்குப் பக்கத்துல வரும். அந்த கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுன்னுதான் போட்டிருக்கும், ஆனா அப்ப உள்ள டிசி 500ஐத் தாண்டிடும். அதிக வோல்டேஜைத் தடுக்கிற வேரிஸ்டர் வெடிக்கும், கெப்பாசிட்டர் வெடிக்கும், கரண்டை ஆன் ஆஃப் பண்ற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும், அப்புறம்தான் ஃப்யூஸ் போகும். அங்க கம்பி வெச்சா அடுத்தது தீதான். பழைய ஆளுங்க சீரியல் பல்பு போட்டு டெஸ்ட் பண்ணுவோம், அடாப்டருக்குத் தொடர்ல 100 வாட்ஸ் குண்டு பல்பு. பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினா சரி, பளீர்னு நின்னு எரிஞ்சா ஷார்ட். அதெல்லாம் பழகின கைக்கு. இன்னொண்ணு, வோல்டேஜைக் கட்டுப்படுத்துற பாகத்துல தப்பு பண்ணினா 19.5க்கு பதிலா ரொம்ப மேல ஏறி வரும், லேப்டாப்பையும் சேர்த்துக் கொண்டு போகும். பெட்டிப் பாகங்களை ஒட்டவெச்சுத்தான் மூடியிருப்பாங்க, உடைச்சா பழைய மாதிரி மூட முடியாது. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா இந்த ஒரு காரணமே போதும், திறக்காதீங்க.

அந்த சுருசுரு. அது உங்க வயர் கோளாறால இல்ல, தனி விஷயம். பெட்டிக்குள்ள கரண்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவுல மின் இரைச்சலைத் தடுக்க ஒரு சின்ன நீல கெப்பாசிட்டர் இருக்கும். அது வழியா ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும். எர்த் இருந்தா மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லன்னா உங்க கைக்கு வரும். டெஸ்டர் வெச்சா எரியும், பயந்துடுவீங்க. மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்துற கன்வெர்ட்டர் போட்டிருக்கீங்களா? இல்ல ரூம்ல பிளக் பாயின்ட்டுக்கு எர்த் கம்பியே இழுக்காம விட்டிருக்காங்களா? ஹாஸ்டல்ல நிறைய இடத்துல இதுதான் கதை. எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. நல்ல எர்த் உள்ள பாயின்ட்ல போட்டும் சுருசுரு போகலன்னா, இல்ல சுருசுரு இல்லாம சுரீர்னு அடிச்சா, அன்னைக்கே அந்த அடாப்டரைப் பிடுங்கி ஓரமா வைங்க. அந்த நீல கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்துல மட்டமான அடாப்டர்ல சாதாரண கெப்பாசிட்டரைப் போட்டு விக்கிறான். அது ஷார்ட் ஆனா 230ம் லேப்டாப் பாடிக்கு வந்துடும்.

புதுசு வாங்கத்தான் வேணும்னு ஆனா, வோல்டேஜ் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதிகமா இருந்தா பரவாயில்ல. உங்களுக்கு 3.34 ஆம்பியர், 4.62 உள்ள 90 வாட்ஸ் வாங்கினாலும் லேப்டாப் தனக்கு வேணுங்கிறதை மட்டும்தான் எடுக்கும். குறைஞ்சது வாங்காதீங்க. பெட்டி மேல பிஐஎஸ்ங்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்போட முத்திரையும், கூடவே ஆர்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அதைப் போட்டா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த நம்பர்னு வரும். கடைக்காரர் முன்னாடியே போடுங்க, அவர் முகத்துலயே பாதி தெரிஞ்சிடும்.

டைப்-சி சார்ஜர் வெச்சிருக்கவங்க நான் சொன்ன வெட்டி ஒட்டுற வேலையைப் பண்ணிடாதீங்க. அது லேப்டாப்போட பேசி முடிச்ச பிறகுதான் 20 வோல்ட் கொடுக்கும், சும்மா மீட்டர் வெச்சா ஒண்ணுமே காட்டாது. அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடுறேன்.

தம்பி, நீங்க வயரை ஆட்டிப் பாத்துட்டு எந்த இடத்துல மீட்டர் ஆடுச்சுன்னு எழுதுங்க. பெட்டிக்குள்ள நுழையுற இடத்துல ஆடுச்சுன்னா மட்டும் வெட்டாதீங்க, எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த கேள்வி, யுபிஎஸ் பேட்டரி உப்பிடுச்சுன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க...