பாஸ் அவுட்: தேறியவரா, மயங்கியவரா?

நேயர்களுக்கு வணக்கம்.

பொறியியல் படித்து முடித்த இளைஞர் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தை என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார். முதல் வரியே 'ஐ பாஸ்டு அவுட் இன் 2021' என்றிருந்தது. நம் ஊர் அதிகாரி படித்தால், 2021-இல் பட்டம் பெற்றவர் என்று எண்ணி அடுத்த வரிக்குப் போய்விடுவார். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கோ, இவர் அந்த ஆண்டில் மயங்கி விழுந்தார் என்றுதான் முதலில் தோன்றும்.

பாஸ் என்றால் கடப்பது, அவுட் என்றால் வெளியே; இரண்டையும் எப்படிக் கூட்டினாலும் மயக்கம் என்ற பொருள் கிடைக்காது. ஆங்கிலத்தில் ஃபிரேசல் வெர்ப் எனப்படும் கூட்டுவினைகளின் இயல்பே அதுதான். நம்மிடமும் இது இல்லாமல் இல்லை: கையையும் தெரியும், விடுவதையும் தெரியும் என்பதற்காக 'கைவிடு' என்பதன் பொருள் ஒருவருக்குத் தானாக விளங்கிவிடாது.

ஆனால் அந்த இளைஞர் எழுதியது ஆதாரமில்லாத ஆங்கிலமும் அன்று. பிரிட்டிஷ் வழக்கில், படைப் பயிற்சியையோ காவல் பயிற்சியையோ முடித்து வெளியேறுவதற்குப் பாஸ் அவுட் என்றே பெயர். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும், டேராடூன் இந்திய ராணுவ அகாடமியிலும் நடப்பது பாஸிங் அவுட் பரேடு. அணிவகுப்பின் முடிவில், 'அந்திம் பக்', அதாவது கடைசி அடி, என்று சொல்லப்படும் அடியை எடுத்துவைத்துப் பயிற்சி பெற்றவர்கள் அதிகாரிகளாகிறார்கள். அங்கே 'அவுட்' என்பது கண்ணெதிரே நடக்கிறது. அந்தத் திடலிலிருந்துதான் இச்சொல் கல்லூரி வாசலுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வந்த இடத்தில் அது பெயர்ச்சொல்லாகவும் மாறி, 'நீங்கள் எந்த வருஷ பாஸ் அவுட்?' என்று கேட்கும் அளவுக்கு ஊன்றிவிட்டது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். இது இந்திய ஆங்கிலம். கடல் கடந்து போகும் தாளில் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

பகிர்ந்து கொடுத்தல் என்ற பொருளும் இதற்கு உண்டு. அப்போது சொல்வரிசையைக் கவனிக்க வேண்டும். 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்' என்றும் சொல்லலாம், 'பாஸ் த பேப்பர்ஸ் அவுட்' என்றும் சொல்லலாம். ஆனால் தாள்களைத் 'தெம்' என்று சுட்டினால் 'பாஸ் தெம் அவுட்' என்பது மட்டுமே சரி. அவுட்டுக்குப் பதில் 'அவே' என்று கைதவறி எழுதிவிட்டால், விண்ணப்பதாரர் காலமானவராகிவிடுவார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தமிழில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மயங்கியவருக்கும் படிப்பை முடித்தவருக்கும் ஒரே சொல். நமக்கோ, நோயிலிருந்து மீண்டவரும் தேறியவர், தேர்வில் வென்றவரும் தேறியவர். இதைச் சொன்னதும் இளைஞர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தார். பிறகு தாளைத் திருப்பி, இரண்டாம் பக்கத்திலும் அதே சொல் இருப்பதைக் காட்டினார்.

நன்றி, வணக்கம்.