சூரியன் மறையாத ஊரில் மஃரிப் எப்போது? ட்ரோம்சோவிலிருந்து ஒரு பேச்சு

அன்பான நேயர்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நார்வேயின் வடபகுதியில் உள்ள ட்ரோம்சோவில், என் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசுகிறேன். இப்போது இரவு மணி 8.20. எனக்குப் பின்னால் சன்னலில் தெரிகிற வெளிச்சத்தை விளக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அது வெயில். எதிர்த் தீவின் மலைக்கு மேலே சூரியன் நின்றுகொண்டிருக்கிறது, இன்றிரவு அது மறையப் போவதும் இல்லை. ஆனாலும் சூரியன் மறைந்ததும் தொழ வேண்டிய மஃரிப் தொழுகையை நான் முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரவுத் தொழுகையான இஷாவுக்கு இன்னும் 16 நிமிடங்கள் இருக்கின்றன, அதற்குள் இந்தப் பேச்சை முடித்துவிட எண்ணுகிறேன்.

சென்ற பதிவைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: சூரியனே மறையவில்லை என்றால் மஃரிப் எப்போது? அதற்கு என்னிடம் உள்ள விடை, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டி வைத்திருக்கும் இந்தத் தாள். கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், பாருங்கள். அதிகாலைத் தொழுகை சுபுஹு 4.11, நண்பகல் கடந்ததும் லுஹர் 12.22, பிற்பகலில் அஸர் 3.42, மஃரிப் 7.06, இஷா 8.36. மக்காவில் வேலை பார்க்கும் நேயர்கள் இந்த எண்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், ஏனென்றால் ஜூன் மாதப் பின்பாதியில் மக்காவின் கடிகாரம் காட்டும் தொழுகை நேரங்கள் இவையே. அங்கே 7.06-க்கு மஃரிப் என்றால், இங்கே எங்கள் கடிகாரத்தில் 7.06 ஆகும்போது நாங்களும் தொழுகிறோம்.

நான் பிறந்தது காயல்பட்டினத்தில். அங்கே நேரத்தைப் பற்றி யாரும் யோசித்ததாகவே எனக்கு நினைவில்லை. ஒரு பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான பாங்கு தொடங்கினால் அடுத்த தெருப் பள்ளிவாசல் அதைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் என் பாட்டி, உம்மும்மா, திண்ணையிலிருந்து எழுந்து தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு செய்யப் போய்விடுவார். முற்றத்துத் தூணின் நிழல் எந்தக் கல்லைத் தொட்டால் அஸர் என்று அவருக்குத் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். மார்க்கச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் கணக்கும் அதுதான்: ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்த பிறகு, அந்தப் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை இங்கே வந்த முதல் கோடையில் நான் வாசலில் ஒரு துடைப்பக் கட்டையை நட்டுப் பார்த்தேன். ஜூன் மாதத்தில், ஆண்டிலேயே சூரியன் மிக உயரே ஏறும் நாளில், நண்பகலிலேயே கட்டையை விட அதன் நிழல் சற்று நீளமாகக் கிடந்தது. நாம் 69 பாகை வட அட்சத்துக்கும் மேலே இருக்கிறோம் என்பதை வரைபடத்தை விட அந்தக் கட்டைதான் எனக்குப் புரியவைத்தது. பக்கத்து வீட்டு அம்மையார் என்னைப் பார்த்துத் தோட்டத்தில் என்ன நடப்போகிறாய் என்று விசாரித்தார், நான் பதில் சொல்லத் தெரியாமல் உருளைக்கிழங்கு என்று சொல்லிவிட்டேன்.

கோடையில் இங்கே சூரியன் தொடர்ந்து மேலேயே நிற்பது மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை. ஆனால் சிக்கல் அதற்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. சூரியன் தொடுவானத்துக்கு 18 பாகை கீழே இருக்கும்போதுதான் சுபுஹின் முதல் வெளுப்பு தெரியும், இஷாவுக்கான இருளும் கூடும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மார்ச் மாதக் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை எங்கள் ஊரில் சூரியன் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. ஆகவே கோடையின் உச்சத்தில் வானத்தில் எஞ்சி நிற்பவை லுஹரும் அஸரும் மட்டுமே. நவம்பர் 27 வாக்கிலிருந்து ஜனவரி 15 வரையிலான துருவ இரவில் இது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அப்போது சூரியன் எழுவதே இல்லை, எனவே நிழல் இல்லை, மறைவும் இல்லை; ஆனால் நண்பகலை ஒட்டித் தெற்கே வானம் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சற்று வெளுத்து மீண்டும் இருளுவதால், அதிகாலை வெளுப்பும் முழு இருட்டும் கணக்குப்படி கிடைத்துவிடுகின்றன. கோடையில் தொலைந்த சுபுஹும் இஷாவும் குளிர்காலத்தில் திரும்ப வருகின்றன, கோடையில் இருந்த லுஹரும் அஸரும் போய்விடுகின்றன. ஐந்தையும் ஒரே நாளில் வானத்தில் பார்க்க வேண்டுமானால் ஜனவரி நடுவுக்கும் மார்ச் கடைசி வாரத்துக்கும் இடையிலும், இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள்தான் வாய்ப்பு.

இதற்கு மார்க்கத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. உலக முடிவுக்கு முன் தோன்றும் பொய்யனான தஜ்ஜால் வரும் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல நீளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, அந்த நாளில் ஒரு நாளுக்குரிய தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, அதற்குரிய அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பதில் தந்ததாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. வடதுருவத்தைப் பார்த்திராத ஒரு பாலைவன ஊரில் எழுந்த அந்தக் கேள்வி இல்லாவிட்டால், இன்றைக்கு எங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. கணித்துக்கொள்ளுங்கள் என்ற சொல் கிடைத்துவிட்டது, எதை வைத்துக் கணிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நேரங்கள் பிரிந்து தெரிகிற மிக அருகிலுள்ள ஊரைப் பின்பற்றலாம் என்கிறார்கள் சிலர், நேரங்கள் பிரிந்து தெரிந்த கடைசி நாளையே நீட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள் வேறு சிலர், மக்காவின் நேரத்தைக் கொள்ளலாம் என்ற தீர்ப்பும் உண்டு. எங்கள் ஊர் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டது.

அந்தத் தேர்வின் மதிப்பு எனக்கு ஒரு விருந்தில்தான் தெரிந்தது. புதிதாக வந்த மூன்று குடும்பங்களை நான் ஒரு கோடை மாலையில் சாப்பிட அழைத்திருந்தேன். சோமாலியக் குடும்பம் ஒன்று, சிரியக் குடும்பம் ஒன்று, இன்னொன்று ஆப்கானியக் குடும்பம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கைப்பேசியில் பாங்கு ஒலித்தது. நாங்கள் எழுவதற்குள் இன்னொருவர் தம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு இன்னும் நேரம் வரவில்லை என்றார். மூன்றாவது கைப்பேசியோ மஃரிபுக்கு நேராக வெறும் கோடு ஒன்றைக் காட்டியது, ஏனென்றால் அதற்குள் இருந்த செயலி நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, இங்கே சூரியன் மறையவில்லை என்று கைவிரித்துவிட்டது. ஒரே அறையில் மூன்று மஃரிப். ஆறிப்போகும் சோற்றைப் பார்த்தபடி எல்லோரும் நின்றிருந்தபோது, சோமாலியப் பெரியவர் என் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி, "அந்தத் தாளில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டார். தாளில் இருந்த நேரத்துக்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தொழுதோம்.

காயலில் சூரியன் எங்களை ஒன்றுசேர்த்தது என்றால், இங்கே நாங்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் நேரமே உண்டாகிறது. ஏறக்குறைய 80,000 பேர் வாழும் ஊரில் நாங்கள் சிறு கூட்டம், ஹனஃபியும் ஷாஃபியும் மாலிக்கியும் ஒரே கூடத்தில் நிற்கிறோம். ஆளுக்கொரு கணக்கு என்று பிரிந்தால் கூட்டுத் தொழுகையான ஜமாஅத் நடத்தவே ஆள் இருக்காது.

ரமலானைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015-ல் ரமலான் முழுவதும் சூரியன் மறையாத நாட்களில் விழுந்தது; அப்போது இப்படிக் கணித்துக்கொண்ட நேரம் இல்லாவிட்டால் நோன்பு திறப்பதே இயலாது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, 2026-ல் அது பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு வந்தது. வானம் ஒழுங்காக இருக்கும் காலம் என்று மகிழ்ந்து, அந்த ஆண்டுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 பாகையை அப்படியே பிடித்தால் முதல் நோன்பு சுமார் பதினொன்றேகால் மணி நேரம், கடைசி நோன்பு சுமார் 16 மணி நேரம். ஒரே மாதத்துக்குள்! நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் நேரம் அதிகாலை நாலரையிலிருந்து நகர்ந்து நகர்ந்து இரவு இரண்டுக்கு முன்னால் போய்விடுகிறது. 2030-ல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமலானும் டிசம்பர்க் கடைசியில் இன்னொரு ரமலானும் வரும், இரண்டும் துருவ இரவில் தொடங்குகின்றன. அப்போதும் தாள்தான்.

தொழும்போது மக்காவை நோக்கும் திசையான கிப்லாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயலில் மேற்கே பார்த்துத் தொழுது வளர்ந்தவள் நான். இங்கே தெற்கிலிருந்து கிழக்காகச் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். முதல் ஆறு மாதங்கள் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கும்போதெல்லாம் எங்கோ தவறாக நிற்பது போன்ற உணர்வு நீங்கவே இல்லை.

தொழும் இடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. குவிமாடம், மனோரா எல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள், வெளியே பாங்கும் ஒலிப்பதில்லை. வாசலில் பனிக் காலணிகள் குவிந்து கிடக்கும், உருகிய பனி குட்டையாகத் தேங்கி, ஒளு செய்து வருகிறவரின் காலுறை நனையும். 2010-ல் ஆஸ்லோவிலும் இங்கேயும் பள்ளிவாசல் அமைக்கச் சவூதியிலிருந்து வரவிருந்த பணத்துக்கு நார்வே வெளியுறவு அமைச்சகம் ஒப்புதல் தர மறுத்துவிட்டது. மதச் சுதந்திரம் இல்லாத நாட்டிலிருந்து இதற்குப் பணம் பெறுவது முரண் என்பது அன்றைய அமைச்சர் யூனாஸ் கார் ஸ்தேர சொன்ன காரணம். அந்தப் பணம் வராமல் போனதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய வருத்தம் இல்லை. உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசே எல்லாச் சமயக் குழுக்களுக்கும் மானியம் தருகிறது, 2021 முதல் அதற்குக் குறைந்தது 50 உறுப்பினர்கள் வேண்டும் என்பது சட்டம். மீதி எல்லாம் டுக்நாட். ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு நார்வேக்காரர்கள் வைத்திருக்கும் சொல் அது. வாசலில் பனி தள்ளுவது, கம்பளம் துவைப்பது, நோன்பு திறக்கச் சமைப்பது எல்லாமே டுக்நாட்தான். நான் கடல் மீன் போட்டு வைக்கும் நோன்புக் கஞ்சியைச் சிரியப் பெண்கள் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தார்கள், இப்போது பாத்திரத்தோடு வருகிறார்கள்.

என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ தொழுதது இங்கேதான். காயலில் பெண்களுக்கெனத் தனியே தைக்காக்கள் உண்டு, ஓதுவதும் தொழுவதும் அங்கே. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இங்கே ஒரே கூடம், ஆண்களுக்குப் பின்னால் எங்கள் வரிசை. ஆய்வகத்தில் என் மேலாளரிடம் மதிய இடைவேளையைச் சற்றுத் தள்ளிக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளை மேலங்கியைக் கழற்றிப் பையில் திணித்து ஓடினேன். தொழுகைக்கு முந்தைய சொற்பொழிவான குத்பா பாதி அரபியிலும் பாதி நார்வேஜிய மொழியிலும் நடந்தது. தைக்காவின் நிழலும் அங்கே கேட்ட, மாலை எனப்படும் புகழ்ப் பாட்டுகளும் எனக்கு இன்றும் ஏக்கம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையையும் நான் விட்டுத்தர மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேதான் கற்றேன். சென்ற குளிர்காலத்தில் எங்களில் ஒரு மூதாட்டி மௌத்தானார், அதாவது இறந்துபோனார். இறந்தவரைக் குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் ஊரிலேயே இருவர்தான், அவர்களில் ஒருவர் பயணத்தில் இருந்தார். காயலில் என்றால் இதற்கென்றே அனுபவப்பட்டவர்கள் வருவார்கள், நான் அறை வாசலில்கூட நின்றதில்லை. அன்று நான்தான் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மிகக் குளிராக இருக்கக் கூடாது என்று ஊரில் இருந்த அந்த மற்றொரு பெண்மணி தம் முழங்கையை நனைத்துப் பார்த்துப் பார்த்துச் சுடுநீர் கலந்தார், குழந்தைக்குக் கலப்பதைப் போல. வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம், கடைசி நீரில் கற்பூரம். அடக்கம் செய்யச் சில நாட்கள் ஆயின. இந்நாட்டில் கல்லறைத் தோட்டங்களைப் பெரும்பாலும் நார்வே திருச்சபையே நிர்வகிக்கிறது, அவர்கள் கிப்லாவை நோக்கிய பகுதியில் உறைந்த மண்ணைத் தோண்டித் தந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வாகன விளக்குகளின் வெளிச்சத்தில் மண் போட்டோம். இப்போது ஊரில் குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் மூவர்.

கடிகாரத்தைப் பார்க்கிறேன், 8.35. உங்கள் மற்றக் கேள்விகளை, குறிப்பாக ஹலால் இறைச்சி பற்றியதை, அடுத்த பதிவில் எடுத்துக்கொள்கிறேன். வெயில் நேரே கண்ணில் அடிப்பதால் முதலில் இந்தத் திரையை இழுத்துவிட வேண்டும். இஷாவுக்கு நேரமாகிவிட்டது.