கழுகுக் கூடுகளுக்குப் பஸ்ஸில் போவோம்

எல்லோருக்கும் வணக்கம்.

போலந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது போரும் பனியும்தான். நான் இன்று பேச வந்திருப்பது அந்த நாட்டின் தெற்கே இருக்கிற ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தைப் பற்றி. பழைய தலைநகரமான கிராக்கோவில் தொடங்கி, வடமேற்கே செஸ்டொஹோவா வரை அது நீள்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு நடைபாதை போகிறது. சுமார் 164 கிலோமீட்டர். அதற்குக் 'கழுகுக் கூடுகளின் பாதை' என்று பெயர். பாறை உச்சிகளில் உட்கார்ந்திருக்கும் கோட்டைகளை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்று இடிபாடுகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தை அறியவேண்டுமானால் பஸ்ஸில் போய் இறங்கி நடக்கவேண்டும். காரில் போகிறவர் கோட்டையின் அடியில் வண்டியை நிறுத்துகிறார், ஏறுகிறார், படம் எடுக்கிறார், நிறுத்திய இடத்துக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கோட்டைகள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு எல்லையைக் காக்க வரிசையாக நிறுத்தப்பட்டவை. வரிசையைப் புரிந்துகொள்ள அதன் கூடவே நடக்கவேண்டும். ஒரு கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த கிராமத்தில் இன்னொரு பஸ் ஏறுகிறவருக்குத்தான் அது முடியும். திரும்பி வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சரி, முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அது புரிந்தால் கோட்டை தானாகப் புரியும்.

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதன் தரையில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மேடு மேடாகச் சுண்ணாம்பைக் கட்டி எழுப்பின. மேடுகளுக்கு நடுவே சாதாரணச் சேறு அடுக்கடுக்காகப் படிந்தது. இரண்டும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் உறுதி வேறு. கடல் போய், நிலம் உயர்ந்து, மழையும் பனியும் அரித்தபோது, அடுக்குக் கல் எளிதில் கரைந்து உடைந்தது. மேடுகள் மட்டும் பலாச்சுளையைத் தின்றபின் மிஞ்சும் கொட்டை மாதிரி நின்றுவிட்டன. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே திடீரென்று செங்குத்தாக எழுகிற வெள்ளைப் பாறைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பாறையின் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தால் கடற்பஞ்சின் வடிவமும், அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட் என்கிற சுருள் ஓடும் தெரியும்.

நடக்கிறவர்களுக்கு இந்தக் கல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, தண்ணீர். மழைநீர் வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிவிடுவதால் மேட்டின்மேல் ஓடைகள் மிகவும் குறைவு. பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊற்றாக வெளியே வரும். ஆகவே தண்ணீரைக் கையோடு கொண்டு போகவேண்டும். இன்னொன்று, வழுக்கல். பல தலைமுறைகளின் கால் பட்டுப் பட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல், ஈரமானால் சோப்புக்கட்டியாகிவிடும். இலையுதிர் காலத்தில் பீச் (beech) என்கிற காட்டு மரத்து இலை அதன்மேல் விழுந்து கிடக்கும்போது இன்னும் மோசம். மலை உயரமில்லையே என்று சாதாரணச் செருப்போடு கிளம்பக் கூடாது.

14ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். மன்னர் மூன்றாம் கசிமீர், 1333 முதல் 1370 வரை ஆண்டவர். மேற்கே பக்கத்தில் இருந்த சைலீசியா என்ற பகுதி, இன்றைய செக் நாட்டுப் பகுதியில் இருந்த பொஹீமியா அரசின் பிடிக்குள் போய்விட்டது. தலைநகருக்கு வெகு அருகிலேயே எல்லை வந்து நின்றது. இயற்கை ஏற்கெனவே தயாராக வைத்திருந்த இந்தப் பாறைகளின்மேல் அவர் கோட்டைகளைக் கட்டினார், இருந்தவற்றை வலுப்படுத்தினார். போலந்தை மரத்தில் கண்டெடுத்துக் கல்லில் விட்டுச் சென்றவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வடமுனையில் உள்ள ஒல்ஷ்டின். செஸ்டொஹோவாவிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம்தான். ஊர்ச் சதுக்கத்தில் இறங்கினாலே குன்றும் கோபுரமும் தெரியும். புல் மேட்டில் ஏறிப் போனால் ஒரு வட்டக் கோபுரம். அதன் கீழ்ப்பகுதி வெள்ளைக் கல், மேலே செங்கல்; இரண்டு வெவ்வேறு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடியில் பாறையிலேயே இருந்த குகைகளைக் கோட்டைக்காரர்கள் கிடங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மன்னரை எதிர்த்துப் பிரபுக்களைத் திரட்டிய மாச்கோ போர்கோவிட்ஸ் என்பவரை இந்தக் கோபுரத்தில்தான் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். பிறகு 1587இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து இளவரசர் மாக்ஸிமிலியன் போலந்தின் அரியணையைக் கேட்டுப் படையோடு வந்தார். கோட்டைத் தலைவர் கார்லின்ஸ்கியின் கைக்குழந்தையைப் பிடித்துத் தம் வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள் என்றும், அவர் அப்போதும் பீரங்கியைச் சுடச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு, எதிரே திறந்து கிடக்கும் சரிவைப் பார்க்கிற எந்தப் பெற்றோரும் அதைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது.

1655இல் ஸ்வீடன் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. இந்த வரிசையில் பல கோட்டைகள் அப்போது விழுந்தன, பிறகு எழவே இல்லை. ஒல்ஷ்டின் கோட்டையின் கற்களை எடுத்து 18ஆம் நூற்றாண்டில் ஊர் மாதா கோவிலைக் கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஊரே அந்தக் கோட்டையின் தொடர்ச்சியாக ஆகிவிட்டது.

எல்லோரும் படத்தில் பார்த்திருக்கக்கூடியது ஒக்ரோஜெனியட்ஸ். இந்த மேட்டுநிலத்தின் மிக உயரமான இடம் அதுதான், 515 மீட்டருக்குச் சற்று மேல். 16ஆம் நூற்றாண்டில் அரசருக்கே கடன் கொடுத்த வங்கியாளர் செவெரின் போனர் இதை அரண்மனையாக மாற்றிக் கட்டினார். எங்கே பாறை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று பல இடங்களில் கண்டுபிடிக்கவே முடியாது. விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். சீக்கிரம் போய்விடுங்கள்.

அங்கே போவது எப்படி? ரயில் பாதை இந்த மேட்டின் மேற்கே சமவெளியோடு போகிறது. ஸவியெர்சே என்ற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். கோட்டை இருக்கும் கிராமத்தின் பெயர் பொட்ஸாம்சே. ரயில் கொண்டுவந்து விடுகிற இடத்துக்கும் பாறைக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்கப் பஸ்ஸின் பொறுப்பு.

போலந்துக் கிராமத்துப் பஸ் நிறுத்தத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு தாள். நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்து ஒன்று இருக்கும். அதைப் படிக்காமல் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் நடுக்காட்டில் நிற்கவேண்டியதுதான். 'டி' என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை. 'சி' என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள். 'எஸ்' என்றால் பள்ளிக்கூடம் நடக்கிற நாள் மட்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பள்ளிக்கு விடுமுறை. சுற்றுலாக்காரர்கள் அதிகமாக வருகிற அந்த இரண்டு மாதமும் 'எஸ்' போட்ட பஸ்கள் ஓடாது! எழுத்துகளுக்கு விளக்கம் தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். சில நிறுத்தங்களில் கை காட்டினால்தான் நிற்பார்கள்.

இந்தப் பஸ் நமக்காக ஓடவில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்காகவும், டவுனுக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிற பாட்டிகளுக்காகவும் ஓடுகிறது. 1989க்குப் பிறகு அரசுப் பஸ் நிறுவனம் துண்டுதுண்டாகப் பிரிந்தது. பல தடங்கள் நின்றுபோயின. போலந்து முழுவதும் பஸ்ஸே வராத கிராமங்கள் ஏராளமாகி, 2019இல் இதற்கென்றே மானியச் சட்டம் கொண்டுவரவேண்டியதாயிற்று. நடக்க வருகிற ஒருவர் வாங்குகிற டிக்கெட், அந்தத் தடத்தில் பயணிகள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு. வாகன நிறுத்தத்துக்குக் கொடுக்கிற பணத்தால் அந்தப் பாட்டிக்கு எதுவும் கிடைக்காது. இது எனக்கு முக்கியமான விஷயம், அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

தென்முனையில் ஓய்ட்சுஃப் தேசியப் பூங்கா. 1956இல் உருவானது, சுமார் 21 சதுர கிலோமீட்டர், போலந்தின் தேசியப் பூங்காக்களில் ஆகச் சிறியது. கிராக்கோவிலிருந்து மினிபஸ் போகிறது. கசிமீரின் தந்தை எதிரிகளிடமிருந்து ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை இங்கேதான் இருக்கிறது. அவர் உள்ளே போனதும் வாயிலில் சிலந்தி வலை பின்னிவிட்டதாம், அதைப் பார்த்துத் தேடி வந்தவர்கள் திரும்பிவிட்டார்களாம். குகைக்குள் கோடையிலும் குளிரும், மேல்சட்டை கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு விவாதம். மிருஃப், போபொலிட்ஸெ என்று இரண்டு கோட்டைகள், நடுவே ஒன்றரை கிலோமீட்டர்தான், பாறை முதுகோடு நடக்கலாம். மிருஃப் இடிந்தபடியே நிற்கிறது. போபொலிட்ஸெயை அதன் உரிமையாளர் குடும்பம் முழுதாகத் திரும்பக் கட்டி 2011இல் திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மூலக் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாமல் கட்டியது தவறு என்று வல்லுநர்கள் பலர் சொன்னார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். மிச்சமிருப்பதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு வேலை, இல்லாததை நிரப்புவது வேறு வேலை. ஆனாலும் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் மாதம் செப்டம்பர். வெயில் தணிந்திருக்கும், பள்ளி திறந்திருக்கும், 'எஸ்' போட்ட பஸ்களும் ஓடும். பாதையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைகளை மரத்திலும் பாறையிலும் பூசியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். அந்த நிறம் பாதையை அடையாளம் காட்டத்தான், கடினத்தைக் காட்ட அல்ல. வரைபடத்தை அந்த மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். எந்த ஊரில் இறங்கி எந்த ஊரில் ஏறலாம் என்று கேட்க விரும்புகிறவர்கள் அங்கே வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். நன்றி.