ஏற்றத்தில் மோட்டாரை எரிப்பது எது?

(காட்சி: மேசையில் கழற்றி வைத்த ஹப் மோட்டார். கேமரா மெதுவாக அச்சின் அருகே போகிறது.)

வணக்கம். இது எலெக்ட்ரிக் சைக்கிளின் ஹப் மோட்டார், சக்கரத்தின் நடுவிலேயே இருந்து அதைச் சுற்றுவது. அச்சுக்குள் வயர் நுழையும் இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். நீல வயரும் பச்சை வயரும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் நடந்தது இது. முதலில் மோட்டாரின் கம்பிச் சுற்றில் பூசிய வார்னிஷ் கருகும் வாசம் வந்தது. இன்னும் ஒரு வளைவுதானே என்று ஆக்ஸிலேட்டரை விடாமல் பிடித்தேன். லயம், அதாவது தோட்டக் குடியிருப்பு, வந்து சேர்வதற்குள் சக்கரம் சேற்றில் புதைந்ததுபோல இறுகிவிட்டது.

மோட்டார் நல்ல மோட்டார்தான். 48 வோல்ட், 500 வாட், உள்ளே கியர் இல்லாதது. அதற்கு 40 அம்பியர் கன்ட்ரோலரைப் பூட்டியது என் பிழை. பெட்டரியில் இருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். 48ஐ 40ஆல் பெருக்குங்கள்: 1920 வாட். சமவெளியில் அவ்வளவும் சில விநாடிகள்தான் போகும், வண்டி வேகம் பிடித்ததும் குறைந்துவிடும். மலையில் அப்படியில்லை. ஏற்றம் முடியும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

(காட்சி: தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறும் ரோடு)

ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் ரோடு. மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் மட்டும் 400 வாட்டுக்கு மேல் வேண்டும். மோட்டார் சூடாகி வீணாகும் பங்கு அதற்கு வெளியே.

இனிச் சொல்வதுதான் முக்கியம். பெட்டரியில் இருந்து வரும் அம்பியர் வேறு, மோட்டாரின் மூன்று தடித்த வயர்களில் ஓடும் அம்பியர் வேறு. சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கன்ட்ரோலர் வோல்ட்டைக் குறைத்து அம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். பெட்டரிப் பக்கம் மீட்டர் 15 காட்டும் நேரத்தில் மோட்டார் வயரில் 40 ஓடலாம். அம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால்தான் மீட்டரைப் பார்த்து நிம்மதியாக ஏறியவர்களின் மோட்டாரும் எரிகிறது.

சரி, எதற்கு எது பொருந்தும்? 500 வாட் ஹப் மோட்டாருக்கு 20, 22 அம்பியர் கன்ட்ரோலர் போதும் என்பது என் முடிவு. ஏற்றத்தில் வேகம் விழ விழ மிதித்து உதவுங்கள். ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கித் தள்ளுங்கள். இன்னும் இழுவை வேண்டுமென்றால் அம்பியரைக் கூட்டாதீர்கள், சக்கரத்தைச் சிறிதாக்குங்கள். அதே மோட்டாரை 26 அங்குலச் சக்கரத்தில் இருந்து 20க்கு மாற்றினால், அதே அம்பியருக்குத் தள்ளும் பலம் 30 சதவீதம் கூடும்.

பெட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்கியூட்டான பிஎம்எஸ் தாங்கும் அம்பியர் கன்ட்ரோலரைவிடக் கூடவாக இருக்கட்டும், இல்லையென்றால் நடு ஏற்றத்தில் எல்லாம் அணைந்துபோகும். கன்ட்ரோலரைத் திறந்து கெப்பாசிட்டரில் உள்ள எண்ணையும் வாசியுங்கள், அது தாங்கும் உச்ச வோல்ட் அதுதான். 63 வோல்ட் என்று இருந்தால் 16 செல் வரிசை லித்தியம் அயன் பெட்டரியைக் கொடுக்கவே கூடாது. அது நிறைந்தால் 67.2 வோல்ட்.

(காட்சி: மஞ்சள், பச்சை, நீல வயர்கள்)

கன்ட்ரோலர் வயர்களையும் மோட்டார் வயர்களையும் நிறத்துக்கு நிறம் கொடுத்தும் மோட்டார் உதறுகிறதா? கம்பனிக்குக் கம்பனி நிற ஒழுங்கு மாறும். மெல்லிய ஹால் வயர்களை (மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சென்சர் வயர்கள்) அப்படியே விட்டுவிட்டு, தடித்த மூன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆறு விதத்தில் ஒன்றுதான் சரி. சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஆக்ஸிலேட்டரை மிக லேசாகத் திருகிப் பாருங்கள். சத்தமில்லாமல் பின்னோக்கிச் சுற்றினால் ஹாலில் இரண்டை மாற்றி, ஆறையும் மறுபடி தேடுங்கள்.

சக்கரம் இறுகிப்போனால் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். லேசானால் கன்ட்ரோலருக்குள் கரண்டைத் திறந்து மூடும் மொஸ்பெட் போய்விட்டது. இறுக்கம் அப்படியே இருந்தால், என்னுடையதைப் போல, வயரோ கம்பிச் சுற்றோ ஒட்டியிருக்கிறது.

அப்புறம், மேட்டில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். கன்ட்ரோலரில் அந்த வசதி இருந்தால், கியர் இல்லாத மோட்டார் இறக்கத்தில் பிரேக்காகவும் வேலை செய்து பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். ஆனால் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நிறைந்த பெட்டரியோடு காலையில் இறங்கினால் அந்தக் கரண்ட் போக இடமில்லை. பிஎம்எஸ் துண்டித்துவிடும். வளைவின் நடுவில் மோட்டார் பிரேக் திடீரென இல்லாமல் போகும். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டிலும் நல்ல டிஸ்க் பிரேக் இருக்கட்டும், சார்ஜரை 80 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள்.