முதலில் கோபுரம், பிறகு மதில்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நோர்ட்லிங்கன் என்றொரு சிறிய ஊர். சுற்றிலும் சுமார் 2.7 கிலோமீட்டர் மதில், ஐந்து வாயில்கள். மதிலின் மேல் கூரை வேய்ந்த நடைபாதை உண்டு. ஊரை முழுதாக ஒரு வலம் வந்துவிடலாம். கட்டணம் கிடையாது. மழை வந்தாலும் கவலையில்லை.

வருகிறவர்களில் பலர் நேரே மதிலில் ஏறிவிடுகிறார்கள். அங்கே ஒரு பக்கம் கல், மறுபக்கம் வீட்டுக் கூரைகள். ஊரின் வடிவம் பிடிபடாது. அதனால் முதலில் ஊர் நடுவே இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போங்கள். அதன் கோபுரத்தை 'டேனியல்' என்கிறார்கள். உயரம் 90 மீட்டர், ஏற 350 படிகள், லிஃப்ட் கிடையாது.

மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். வீடுகளுக்கு நடுவே வளைந்தோடும் தெருக்கள், முதல் மதில் நின்ற தடம். அதற்கு வெளியே, 1327-இல் லுட்விக் மன்னரின் ஆணைப்படி கட்டத் தொடங்கிய இன்றைய மதில். தொலைவில் காடடர்ந்த மேட்டு விளிம்பு மூன்றாவது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான 'ரீஸ்' என்னும் பள்ளத்தின் கரை அது. குறுக்களவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மூடுபனி இருந்தால் இது மட்டும் தெரியாது. அப்படியானால் ஏறுவதை மதியத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

இறங்கியதும் தேவாலயச் சுவரை நெருங்கிப் பாருங்கள். சாம்பல் நிறக் கல், அதற்குள் உருகி உறைந்த கருப்புக் கண்ணாடித் துணுக்குகள். இதன் பெயர் சூவைட். எரிமலைக் கல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1960-இல் ஷூமேக்கர், சாவோ என்ற இரு அறிஞர்கள் இந்தப் பள்ளத்துப் பாறையில் கோயசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார்கள். அது உருவாகக் கடும் அழுத்தம் வேண்டும். விண்கல் மோதியதற்கு அதுவே சான்றானது. கல்லில் வைரம் இருப்பதும் உண்மைதான், ஆனால் நுண்ணோக்கிக்குத்தான் தெரியும். தேடிச் சுரண்டாதீர்கள், எளிதில் சிதையும் கல்.

இப்போது மதிலுக்குப் போகலாம். வாயில்களின் அருகே படிக்கட்டுகள் உண்டு. நின்று பார்த்து நடக்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தள்ளுவண்டியைக் கீழேயே விட்டுவிடுங்கள்.

ரீஸ் பள்ள அருங்காட்சியகத்தில் அப்பல்லோ 16 கொண்டுவந்த நிலவுக் கல் இருக்கிறது. அப்பல்லோ 14 வீரர்கள் 1970-இல் பாறைகளை இனம்காணப் பயின்றதும் இந்தப் பள்ளத்தில்தான். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

ஓர் இரவு தங்க முடிந்தால் தங்குங்கள். இரவு 10 மணி முதல் 12 மணி வரை, அரை மணிக்கொரு முறை, டேனியல் கோபுரத்துக் காவலர் "சோ, க்ஸெல், சோ" என்று குரல் கொடுப்பார். கோபுரத்தடியில் நின்று கேளுங்கள்.