சந்தேகங்களுக்கு விளக்கம்: கிமோனோவா, சீன உடையா, தைக்கிறதுக்கு எது கஷ்டம்?

எல்லாருக்கும் வணக்கம். பட்டைப் பத்தி முன்னாடி நான் பேசின பேச்சுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி விலையைப் பத்தினதுதான். அதுக்கெல்லாம் கீழயே பதில் போட்டுட்டேன். ஒண்ணை மட்டும் எடுத்து வச்சிருக்கேன். கோயம்புத்தூர்ல தையல் கடை வச்சிருக்கிற ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்: "சீனப் பெண்கள் உடையும் ஜப்பான் பெண்கள் உடையும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது. போட்டோவைப் பாத்து எப்படிப் பிரிச்சுச் சொல்றது? இன்னொரு சந்தேகம், ரெண்டுல எதைத் தைக்கிறது கஷ்டம்?"

முதல் பாதி பல பேர் கேட்டதுதான். ரெண்டாவது பாதி இருக்கே, அதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. கத்தரி பிடிச்ச கைக்குத்தான் அந்தக் கேள்வி வரும். ரொம்ப சந்தோஷமா இருந்தது.

சரி, முதல் பாதியை முடிச்சுடுவோம். சீன உடைன்னதும் நம்ம மனசுல வர்றது சிவப்புப் பட்டு, உடம்போட ஒட்டின தையல், நிமிர்ந்து நிக்கிற காலர், பக்கத்துல ஸ்லிட். அதுக்குப் பேர் சீபாவ். ஹாங்காங் பக்கம் சியோங்சாம்னு சொல்வாங்க. கிமோனோ எல்லாருக்கும் தெரியும், இடுப்புல அகலமா ஒரு பட்டை, முதுகுல பெரிய முடிச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா குழம்பவே வழியில்ல. குழப்பம் வர்றது மூணாவதா ஒண்ணு இருக்கிறதால. ஹான்ஃபூ. சீனாவோட ஹான் இனத்து மக்கள், 1644-ல மஞ்சுங்கிற வேற இனத்து ஆட்சி வர்றதுக்கு முன்னாடி உடுத்தின உடை வகைகளுக்கெல்லாம் இப்போ பொதுவா அந்தப் பேர்தான். அதுல கழுத்துப் பட்டி குறுக்கா வரும், கை அகலமா தொங்கும், நாடா வச்சுக் கட்டுவாங்க. அதைத்தான் நம்மாளுங்க கிமோனோன்னு சொல்லிடறாங்க.

பிரிச்சுப் பார்க்கணும்னா இடுப்புக்குக் கீழ பாருங்க. தனியாப் பாவாடை இருக்கா? மடிப்பு மடிப்பா விரியுதா? அப்படின்னா அநேகமா சீனா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு துண்டா உடுத்துறது ஹான் பெண்கள் கிட்ட ரொம்ப நீண்ட பழக்கம். தாங் வம்சத்து காலத்துல, அதாவது 618-லேருந்து 907 வரைக்கும், அந்தப் பாவாடையை மார்புக்கு மேலேயே கட்டினாங்க, நாடா முன்பக்கம் நீளமாத் தொங்கும். மஞ்சுக்காரங்களுக்கு முன்னாடி ஆண்ட மிங் வம்சத்து காலத்துல இடுப்புக்கு இறங்கி வந்துடுச்சு. முன்னாடியும் பின்னாடியும் தட்டையா ஒரு பலகை மாதிரிப் பகுதி, ரெண்டு பக்கமும் அடுக்கு மடிப்பு. மாமியான் பாவாடைன்னு பேர். 2022 ஜூலையில பாரிஸ்ல தியோர்ங்கிற ஃபேஷன் கம்பெனிக் கடை வாசல்ல சீன மாணவர்கள் போராட்டம் பண்ணினாங்களே, அது இந்தப் பாவாடைக்காகத்தான். எங்க ஊர் பாவாடை பாணியை எடுத்து உங்க டிசைன்னு போட்டுட்டீங்கன்னு கோபம்.

கிமோனோவுல பாவாடை கிடையாது. தோள்லேருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே அங்கி, நேரா இறங்கும்.

பொதுவா இருக்கிறது ஒண்ணும் சொல்லிடறேன். ரெண்டுலயும் இடது பக்க ஓரம் மேல வரும், வலது ஓரம் உள்ள போகும். சீனாவுல இதை மாத்திப் போட்டா வடக்குப் புல்வெளிக்காரங்க வழக்கம்னு பார்த்தாங்க. ஜப்பான் அரசவை 719-ல எல்லாரும் இப்படித்தான் மூடணும்னு ஆணையே போட்டது. இன்னிக்கும் ஜப்பான்ல வலது ஓரத்தை மேல போடறது இறந்தவங்களுக்கு மட்டும்தான். கியோட்டோ போய் வாடகைக்கு கிமோனோ எடுத்துப் போட்டு போட்டோ எடுக்கிற நம்ம பசங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

இப்போ நமக்குப் பிடிச்ச இடத்துக்கு வருவோம். தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், காஞ்சிபுரம் பத்திப் பேசினப்பவும் இதையே சொன்னேன், பட்டுப் பேச்சுலயும் சொன்னேன். ஒரு உடையைப் பார்த்தா அழகா இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க. இதுல உழைப்பு எங்க இருக்குன்னு கேளுங்க. நெய்யறவர் கிட்டயா, சாயம் போடறவர் கிட்டயா, தைக்கிறவர் கிட்டயா, உடுத்துறவங்க கிட்டயா? எங்கயோ ஒரு இடத்துல கஷ்டம் உக்காந்திருக்கும்.

கிமோனோவுல பாருங்க. துணி ஒரு சுருளா வரும், தான்மோனோன்னு பேர். அகலம் 36, 38 சென்டிமீட்டர்தான். நீளம் சுமார் 12 மீட்டர். அதை எட்டுத் துண்டா வெட்டுவாங்க. உடம்புக்கு ரெண்டு, கைக்கு ரெண்டு, முன்பக்க ஓரத்துக்கு ரெண்டு, கழுத்துப் பட்டி ஒண்ணு, அதுக்கு மேலுறை ஒண்ணு. எட்டும் நேர்வெட்டு. வளைவே கிடையாது. கழுத்துக்குக் கூட வட்டமா வெட்டி எடுக்க மாட்டாங்க. தோள்ல தையலே இல்ல, துணி முன்பக்கத்துலேருந்து அப்படியே முதுகுக்குப் போகுது. டார்ட், அதாவது உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல், இல்ல. வீணாப் போற துண்டுத் துணியும் இல்ல. தையலும் கையால ஓடுற நூல்தான், ஏன்னா திரும்பப் பிரிக்கணும். பழைய வழக்கப்படி நல்ல கிமோனோவைத் துவைக்கணும்னா மொத்தத் தையலையும் பிரிச்சு, துண்டுகளை முன்ன மாதிரியே நீளமா ஒண்ணா இணைச்சு, துவைச்சு, இழுத்துக் காய வச்சு, மறுபடி தைப்பாங்க. அம்மா, நீங்க நினைச்சுப் பாருங்க, துவைக்கிறதுக்கே தையல்காரர் வேணும்!

அப்போ உடம்பு அளவு? அதுதான் விஷயம். அளவு தையல்ல இல்ல. பெண்கள் கிமோனோவோட நீளம் ஏறக்குறைய அவங்க உயரமே இருக்கும். மிச்சத்தை இடுப்புல மடிச்சு, கயிறு கட்டி நிறுத்துவாங்க. அம்மாவோட கிமோனோ பொண்ணுக்கு வரும், கொஞ்சம் கூடக்குறைய மடிச்சா போதும். நம்ம புடவை மாதிரின்னு வச்சுக்கோங்க, கொசுவம் வைக்கிறதுலதான் ஆளுக்கு ஏத்த அளவு வருது. ஒரு பட்டன் கிடையாது, ஒரு கொக்கி கிடையாது. எல்லாம் கயிறும் முடிச்சும். அதுக்கு மேல ஓபிங்கிற இடுப்புப் பட்டை, 30 சென்டிமீட்டர் அகலம், 4 மீட்டருக்கு மேல நீளம். தனியா நின்னு கட்டறது அவ்வளவு லேசு இல்ல. அதனாலதான் ஜப்பான்ல கிமோனோ உடுத்தக் கத்துக்குடுக்கிற பள்ளிகளே இருக்கு. ஜனவரி ரெண்டாவது திங்கட்கிழமை வயசுக்கு வந்தோர் தினம்னு ஒண்ணு கொண்டாடுவாங்க. வயசுக்கு வந்தோர்னா நம்ம ஊர் அர்த்தம் இல்ல, சட்டப்படி பெரியவங்க ஆனவங்க. அன்னிக்கு இளம்பெண்கள் ஃபுரிசோடே போடுவாங்க, கை ஒரு மீட்டருக்குத் தொங்கும், கல்யாணமாகாத பொண்ணுங்க போடற கிமோனோ. விடியறதுக்கு முன்னாடியே உடுத்திவிடறவங்க கடைக்குப் போய் வரிசையில நிப்பாங்க.

ஆக, கிமோனோவுல தையல்காரர் வேலை இருக்கிறதுலயே எளிமை. கஷ்டம் ரெண்டு கோடியில இருக்கு. ஒரு கோடியில உடுத்துறவங்க. இன்னொரு கோடியில சாயக்காரர். யூசென்னு பட்டுல சாயத்தால படம் தீட்டுற வேலையில நடக்கிறதைக் கேளுங்க. வெள்ளைப் பட்டைத் தற்காலிகமாத் தைச்சு அங்கி மாதிரி ஆக்கி, அது மேல படத்தை வரைவாங்க. முதுகுல தொடங்குற மரக்கிளை தையலைத் தாண்டி முன்பக்கம் வரணும், கையிலயும் தொடரணும். வரைஞ்சதும் எல்லாத்தையும் பிரிச்சுடுவாங்க. அரிசிப் பசையால கோடு ஓட்டி, சாயம் ஊட்டி, பசையைத் தண்ணியில கழுவி, அப்புறம்தான் கடைசித் தையல். தைக்கும்போது கிளை நூலிழை பிசகாமச் சேரணும். நீங்க செக்டு துணி தைக்கும்போது பக்கத் தையல்ல கட்டம் சேரலேன்னா வாடிக்கையாளர் விடுவாங்களா? அதே கதைதான்.

இப்போ சீபாவ். இது பழைய உடைன்னு நினைக்கிறோம், கிடையாது. 1644-ல மஞ்சுக்காரங்க ஆட்சிக்கு வந்தாங்க, சிங் வம்சம். ஹான் ஆண்கள் தலையை முன்பக்கம் மழிச்சுப் பின்னல் விடணும், மஞ்சு உடை போடணும்னு கட்டாயம் பண்ணினாங்க, அதுக்காகத் தலையே போச்சு பல பேருக்கு. பெண்கள் விஷயத்துல அவ்வளவு கெடுபிடி இல்ல. அதனால மஞ்சுப் பெண்கள் நீள அங்கி, ஹான் பெண்கள் சட்டையும் பாவாடையும்னு ரெண்டும் பக்கத்துலயே இருந்தது. 1911-ல புரட்சி வந்து சிங் ஆட்சி போனதுக்கு அப்புறம், 1920-கள்ல, ஷாங்காய் மாதிரி நகரங்கள்ல படிக்கிற பெண்கள் ஆண்கள் போடற மாதிரி ஒற்றை அங்கியைப் போட ஆரம்பிச்சாங்க. முதல்ல அது தொளதொளன்னுதான் இருந்தது. 1929-ல அரசாங்கமே பெண்களுக்கான முறையான உடைகள்ல அதையும் சேர்த்தது. முப்பதுகள்ல மேற்கத்தியத் தையல் உள்ள வந்தது, டார்ட் வந்தது, தனியா வெட்டி ஒட்டுற கை வந்தது. நாம இன்னிக்குப் பார்க்கிற ஒட்டின வடிவம் அப்போ வந்ததுதான்.

கஷ்டம் இங்க யார் கிட்ட? முழுக்கத் தையல்காரர் கிட்ட. அளவு ஒரு ஆளோட உடம்புக்கு மட்டும். கழுத்துச் சுற்றளவு அரை சென்டிமீட்டர் தப்பினா காலர் குத்தும், இல்லேன்னா வாய் பிளந்து நிக்கும். ஓரம் பூரா பைப்பிங், அதாவது மெல்லிசான துணிக்கரை. அதுக்குத் துணியைக் கிராஸா வெட்டி, பின்பக்கம் பசை தடவி, காய வச்சு, அப்புறம் கீற்றா எடுப்பாங்க, இல்லேன்னா வளைவுல இழுத்துக்கும். வலது பக்கம் சரிஞ்சு வர்ற திறப்புல துணி முடிச்சுப் பட்டன். அதே துணியில மெல்லிசா நாடா பண்ணி, பூ மாதிரி சுருட்டி, கையால பதிக்கணும். போடறவங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, நுழைஞ்சு பட்டன் போட்டா முடிஞ்சது. ஆனா கொஞ்சம் உடம்பு போட்டா உடை பீரோவுக்குப் போயிடும்.

அதனால அம்மா, உங்க கேள்விக்கு நேர் பதில்: தைக்கக் கஷ்டம் சீபாவ், உடுத்தக் கஷ்டம் கிமோனோ. ஹான்ஃபூ நடுவுல நிக்குது. அதுவும் பெரும்பாலும் நேர்வெட்டு, நாடா கட்டு, ஆனா அந்தப் பாவாடை மடிப்பு நிக்க வைக்கிறது உங்க பொறுமையைச் சோதிக்கும்.

உடம்பைக் காட்டுற விதத்துலயும் இந்த வித்தியாசம் இருக்கு. சீபாவ் கழுத்தை மூடும், காலைக் காட்டும். கிமோனோ காலை மூடும், பின்கழுத்தைக் காட்டும், கழுத்துப் பட்டியைப் பின்னாடி இறக்கி விட்டிருப்பாங்க பாருங்க. எது அடக்கம், எது கவர்ச்சின்னு ஊருக்கு ஊர் மாறுது. இதுக்கு மேல அதைப் பத்திப் பேசினா கமென்ட்ல சண்டை வரும்.

சண்டைன்னதும் ஒண்ணு சொல்லணும். சீபாவ் ஒரு காலத்துல குற்றமா இருந்தது. சீன அதிபர் லியூ ஷாவோச்சியோட மனைவி வாங் குவாங்மெய், 1963-ல இந்தோனேசியாவுக்குப் போனப்போ சீபாவும் முத்து மாலையும் போட்டிருந்தாங்க. மாவோவோட கலாசாரப் புரட்சி வந்ததும், 1967-ல, செங்காவலர்கள்ங்கிற மாணவர் படை அவங்களைச் சிங்குவா பல்கலைக்கழகத்துல கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தி, சீபாவை வலுக்கட்டாயமா மாட்டி, முத்து மாலைக்குப் பதிலா பிங்பாங் பந்து கோத்த மாலையைக் கழுத்துல போட்டது. அந்தக் காலத்துல இந்தத் தையலைக் காப்பாத்தினது ஹாங்காங்தான். 1949-ஐ ஒட்டி ஷாங்காய்த் தையல்காரர்கள் நிறைய பேர் அங்க போய்க் கடை போட்டாங்க. அங்க சில பெண்கள் பள்ளிகள்ல சீபாவ் இன்னிக்கும் சீருடை.

கிமோனோவுக்கும் சீனாவுல ஒரு சண்டை இருக்கு. 2022 ஆகஸ்ட்ல சூஜோ நகரத்துல, ஜப்பான் கடைகள் இருக்கிற தெருவுலயே, கிமோனோ போட்டு போட்டோ எடுத்துக்கிட்டிருந்த ஒரு பொண்ணைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. பாரிஸ் போராட்டம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகல. ஜப்பான் சீனா மேல நடத்தின போரோட நினைவு அவ்வளவு ஆழம், அதை நான் லேசாச் சொல்லல. ஆனா ஜப்பான் நாராவுக்குப் பக்கத்துல தகமாட்சுஸூகான்னு ஒரு பழைய கல்லறை, 1972-ல உள்ள சுவரோவியம் கண்டுபிடிச்சாங்க. அதுல இருக்கிற பெண்கள் மேல நீளச் சட்டை, கீழ கோடு போட்ட மடிப்புப் பாவாடை. அந்தக் கல்லறை காலத்துல ஜப்பான் அரசவை சீனா, கொரியா பாணியிலதான் உடுத்தினது. பின்னால சீனாவுக்குத் தூது அனுப்புறதை நிறுத்தினாங்க, உடை தன் வழியில போச்சு. உள்ளாடையா இருந்த சின்னக்கை அங்கி மெல்ல வெளிய வந்து, அதுவே கிமோனோ ஆச்சு.

நீங்க கேக்காத ஒரு கேள்வி இருக்கு, அதைக் கேட்டிருக்கலாம்னு எனக்கு ஆசை. கிமோனோவுல நம்ம ஊர் துணி இருக்கா? இருக்கு! 1603-லேருந்து 1868 வரைக்குமான எடோ காலத்து ஜப்பான் வியாபாரிகள் விரும்பின கோடு போட்ட பருத்தித் துணி ஒண்ணு, சாந்தோமே கோடுன்னு பேர். எந்தச் சாந்தோம்? நம்ம மயிலாப்பூர் பக்கத்துச் சாந்தோம்தான். சோழமண்டலக் கரையில நெய்த துணி ஐரோப்பியக் கப்பல்ல ஜப்பான் போச்சு. நூல் மெல்லிசு, நீலத்துல சிவப்பும் வெளிர்நீலமும் ஓடும், பட்டு மாதிரி வழுவழுப்பு. பட்டு உடுத்தத் தடை, கட்டுப்பாடு எல்லாம் இருந்த காலத்துல நகரத்து ஆளுங்களுக்கு அது பெரிய நாகரிகம். பிறகு அவங்களே நெய்யக் கத்துக்கிட்டாங்க. டோக்கியோவுக்குப் பக்கத்துல கவகோவேங்கிற ஊர் அந்தக் கோட்டுத் துணிக்கு இன்னிக்கும் பேர் போனது. நம்ம கரையில அச்சடிச்ச பூத்துணியும் போச்சு, அதோட துண்டைக்கூட விடாம, தேநீர்ச் சடங்குக் கிண்ணம், டப்பாவுக்கெல்லாம் பை தைச்சு வச்சுக்கிட்டாங்க. இதைப் பத்தித் தனியா ஒரு பேச்சே வைக்கலாம், வைக்கிறேன்.

கடைசியா, அம்மா, ஆசைப்பட்டா நீங்களே தைக்கலாம். சீபாவ் வேண்டாம், யுகாத்தாவுல ஆரம்பிங்க. உள்துணி இல்லாத பருத்திக் கோடை கிமோனோ அது. ஒரு பருத்திப் புடவை எடுத்துக்கோங்க. அஞ்சரை மீட்டர் நீளம், 45 அங்குலம்னா ஏறக்குறைய 114 சென்டிமீட்டர் அகலம். நீளவாக்குல மூணாக் கிழிச்சா ஒவ்வொண்ணும் 38 சென்டிமீட்டர், கிமோனோ சுருள் அகலமே வந்துடுது. மொத்தம் பதினாறரை மீட்டர், பன்னிரண்டே போதும். ரெண்டு பட்டையில உடம்பும் கையும், மூணாவதுல ஓரமும் கழுத்துப் பட்டியும். கிழிக்கிறதுக்கு முன்னாடி பார்டர் எங்க விழணும், முந்தானை முதுகுல வரணுமா கையில வரணுமான்னு தரையில விரிச்சு முடிவு பண்ணிக்கோங்க. தைச்சு முடிச்சா போட்டோ அனுப்புங்க. அடுத்து கொரியா ஹான்பொக் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார், அதை அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்.