சௌந்தரம் அம்மா ஆளாக்கிய பெண்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் அம்மாவைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் இருந்து கேட்டதுமே சரி என்று சொல்லிவிட்டேன். மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காந்திகிராமம் தெரியாமல் இருக்காது. பல்கலைக்கழகம் தெரியும், கஸ்தூரிபா ஆஸ்பத்திரி தெரியும். ஆனால் இதையெல்லாம் ஆரம்பித்த அம்மா யார் என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள், அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். அவர் எழுப்பிய கட்டடங்கள் அங்கேயே நிற்கின்றன, யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஆளாக்கிவிட்ட பெண்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1904இல் பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மனைவியும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பிளேக் பரவிய நேரத்தில் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, அதே நோயில் போய்விட்டார். அன்றைக்கு அந்த மாதிரிக் குடும்பங்களில் இளம் விதவைக்கு என்ன நடக்கும் என்று வயதானவர்களுக்குத் தெரியும். பூவும் பொட்டும் போகும், நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது, வீட்டின் பின்கட்டோடு வாழ்க்கை முடிந்தது. இந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் துணை நின்றார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936இல் படிப்பை முடித்து டாக்டரானபோது அவருக்கு வயது 32. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேச ஆரம்பிக்கும் வயது அது, அந்தக் காலத்துக் கணக்கில்.

டெல்லியில் கூடப் படித்தவர் சுசீலா நய்யார், பின்னால் காந்திக்கே டாக்டராக இருந்தவர். அவர் வழியாகத்தான் காந்தி அறிமுகமானார், ஜி. ராமச்சந்திரனும் அறிமுகமானார். ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், வேறு சாதி. விதவை மறுமணம், கலப்புமணம், அதுவும் விரும்பிச் செய்துகொள்வது, மூன்றும் ஒரே கல்யாணத்தில் என்றால் வீட்டில் எப்படி ஒத்துக்கொள்வார்கள்? ஒரு வருஷம் பிரிந்து இருங்கள், அப்புறமும் மனசு மாறவில்லை என்றால் நானே நடத்திவைக்கிறேன் என்று காந்தி சொன்னாராம். இருவரும் அப்படியே இருந்தார்கள். 1940இல் கல்யாணம் நடந்தது.

1947இல் சின்னாளப்பட்டியில் இரண்டே கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காந்திகிராமத்தின் தொடக்கம் அதுதான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான், அதனால் அப்போது அது நம் மதுரை மாவட்டம். நெசவாளர்கள் ஊர், வீட்டுக்கு வீடு தறி. பிரசவம் எல்லாம் வீட்டில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சாவதற்குத்தான் போகிறார்கள் என்று நினைத்த காலம். மதுரையிலோ சென்னையிலோ பெரிய வீட்டு டாக்டரம்மாவாக வசதியாக இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்தார். மருத்துவமனை வளர்ந்தது. ஆதரவில்லாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் வந்தது, கிராம சேவிகைகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி வந்தது.

அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஒருவர் என் அத்தை. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், கல்யாணமான மறு வருஷமே தாலி அறுத்தவர். அண்ணன் வீட்டில் மாடு கன்றுகளோடு கிடந்தவரை, காந்திகிராமத்தில் சோறு போட்டுப் படிப்பும் சொல்லித்தருகிறார்களாம் என்று யாரோ சொல்லி என் அப்பா கொண்டுபோய் விட்டிருக்கிறார். திரும்பி வந்த அத்தையின் கையில் ஒரு தகரப்பெட்டி. அதை நான் பலமுறை திறந்து பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். உள்ளே சோப்பு, நகம் தேய்க்க ஒரு பிரஷ், கொதிக்கவைத்து வெள்ளைத்துணியில் சுற்றிய நூல், உறை பிரிக்காத பிளேடு. அவ்வளவுதான். பிரசவ வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லும், பிறகு உதவிக்கு நிற்கிற பெண்களைப் பார்த்து, "கையைக் காட்டு ஆத்தா, நகத்தைக் காட்டு" என்று கேட்கும். பண்ணை வீட்டு மாமியாராக இருந்தாலும் நகத்தில் அழுக்கு இருந்தால் வெளியே போ என்றுதான் சொல்லும். கதிர் அறுக்கிற அரிவாளாலேயே தொப்புள்கொடியை அறுத்து, ரணஜன்னியில், அதாவது டெட்டனஸ் நோயில், பச்சைக் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் அது. மூளி என்று சொல்லி அத்தையைக் கல்யாண வீட்டில் ஓரமாக நிறுத்தியவர்களே ராத்திரி இரண்டு மணிக்கு லாந்தரோடு வந்து கதவைத் தட்டினார்கள். சௌந்தரம் அம்மா செய்தது என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழத்தஞ்சையில் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பேரில், நிலம் வாங்கிக் கொடுத்தவர், 2020இல் பத்மபூஷண் பெற்றவர். அவரும் ஏழைத் தலித் குடும்பத்துப் பெண்ணாக மதுரைக்கு வந்து, சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் படித்துத்தான் பட்டதாரியானார். ஒரு பெண்ணைப் படிக்கவைத்தால் அது எதுவரைக்கும் போகிறது பாருங்கள்!

அரசியலையும் சொல்லிவிடுகிறேன். 1952, 1957 இரண்டு தடவையும் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல் எம்.பி., மத்தியில் கல்வித்துறைத் துணை அமைச்சர், அதே வருஷம் பத்மபூஷண். 1967 தேர்தலில் தோற்றார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான். பதவி போனால் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம். இவருக்குத் திரும்பிவர ஒரு இடமும், அங்கே செய்ய வேலையும் இருந்தது. 1984இல் காலமாகும் வரை காந்திகிராமத்தை அவர் விடவில்லை. கூட்டிப் பார்த்தால் எண்பது வருஷ வாழ்க்கை. அதில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஊருக்கே போயிருக்கிறது. 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள். நல்லது, ஆனால் பள்ளிப் பாடத்திலும் அவர் இன்னும் விரிவாக வரவேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வேண்டுகோள். அங்கே அந்த நாளில் பயிற்சி எடுத்த பெண்கள் இன்றைக்கு எண்பதைத் தாண்டியிருப்பார்கள். என் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார்கள், டாக்டரம்மாவை நேரில் பார்த்தார்களா, இதையெல்லாம் கேளுங்கள். முடிந்தால் இந்த நிலையத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நன்றி, வணக்கம்.